மன்னர் கல்லறை குடைந்தோர்

பண்டைய எகிப்து என்றதும் மன்னர்தம் பொற்கவசங்களே நம் நினைவில் எழுகின்றன. அவர்களுக்காகக் குன்றுகளைக் குடைந்த கல்தச்சரை நாம் எண்ணுவதில்லை. நைல் நதியின் மேற்கே, இன்று தெய்ர் எல்-மதீனா எனப்படும் சிற்றூரில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். நாணயம் வழங்காத காலம். திங்கள்தோறும் நான்கு மூட்டைக் கோதுமையும் ஒன்றரை மூட்டை வாற்கோதுமையுமே கூலி.

மூன்றாம் ராம்சேஸ் ஆட்சியின் 29-ஆம் ஆண்டில், ஏறத்தாழ கி.மு. 1157இல், அக்கூலி வரவில்லை. பசி தாங்காத தொழிலாளர் வேலையை நிறுத்திக் காவற்சுவர்களைக் கடந்து சென்று, கோயிலொன்றின் பின்புறம் அமர்ந்துவிட்டனர். உடுக்கத் துணியில்லை, மீனில்லை, காயில்லை என முறையிட்டனர். நமக்குக் கிடைத்துள்ள ஏடுகளில் காணும் முதல் வேலைநிறுத்தம் இதுவே. அவ்வேடு இத்தாலியின் தூரின் நகரில் உள்ளது.

கூலி வந்தது; மீண்டும் தவறியது. அடுத்த 80 ஆண்டுகளில் அரசு தளர்ந்தது, தானிய விலை ஏறியது, லிபியர் வருகிறார்கள் என்ற அச்சத்தால் வேலை நின்ற நாள்களும் பல. சிலர் பழைய கல்லறைகளையே கொள்ளையிட்டனர். அவர்களைக் கள்வர் என்று ஒதுக்க நமக்கு மனம் துணியவில்லை. ஏனையோர் குடைந்துகொண்டே இருந்தனர். கடைசியாகக் குடைந்த பதினோராம் ராம்சேஸின் கல்லறை முற்றுப்பெறவில்லை. அம்மன்னன் அதில் அடக்கம் செய்யப்படவுமில்லை.