அரசரைத் தேடிய கிளர்ச்சி

விருப்பாட்சி கோபால நாயக்கரை வீரர் என்று போற்றிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அவர் முன்னின்று கூட்டிய திண்டுக்கல் கூட்டணி எதை நாடியது, எதில் போய் முடிந்தது என்பதை அவ்வளவாகக் கேட்பதில்லை. 1800-1801 கிளர்ச்சி மன்னர்களை மீட்கவே எழுந்தது. அது பாளையக்காரரின் கையிலிருந்து குடிகளின் கைக்கு இறங்க இறங்க, மீட்கப்பட வேண்டிய அரியணைகளே சரிந்தன. பிரான்சில் 1789-ல் மன்னரை வைத்துக்கொண்டே சட்டம் எழுதத் தொடங்கியவர்கள் 1792 செப்டம்பரில் முடியாட்சியையே ஒழித்தார்கள். தீவிரம் முற்றியவர்களே அங்கே மன்னரைத் தள்ளினார்கள். இங்கே தீவிரம் ஒரு பக்கம் முற்றியது, மன்னரைத் தள்ளியது இன்னொரு பக்கம்.

இந்தக் கூட்டணி திண்டுக்கல் சீமையில் முளைத்தது தற்செயல் அல்ல. திருநெல்வேலியில் ஆற்காட்டு நவாபின் பெயரைச் சொல்லித்தான் கிழக்கிந்தியக் கும்பினி பாளையக்காரரிடம் பேஷ்குஷ் என்னும் கப்பம் வாங்கியது; பெயரளவிலாவது நடுவில் ஓர் அரசர் இருந்தார். திண்டுக்கல்லோ மைசூரின் ஆட்சியில் இருந்து, 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்புவிடமிருந்து நேரே கும்பினிக்குக் கைமாறியது. கலெக்டருக்கும் பாளையக்காரருக்கும் இடையே மறைப்பு ஒன்றும் இல்லை. அரசர் இல்லாத ஆட்சி எப்படி இருக்கும் என்பதை மற்றவர்களுக்கு முன்பே இவர்கள் பட்டறிந்துவிட்டார்கள். அரசரைத் தேடும் வழக்கமும் விருப்பாட்சிக்குப் பழையது. 1772-ல் காளையார்கோவிலில் கணவரை இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார் அடைக்கலம் புகுந்தது இங்கேதான். 1780-ல் ஹைதர் அலியின் உதவியோடு அவர் சிவகங்கைக்குத் திரும்பியபோது உடன் நின்ற மருது சகோதரர்கள் அரச குலத்தார் அல்லர். அரண்மனைப் பணியிலிருந்து உயர்ந்தவர்கள். பின்னால் நடந்ததற்கு இந்தச் செய்தி முக்கியம்.

தொடக்கத்தில் இது தலைவர்களின் திட்டம். மலையடிவாரத்தில் கூடிப் பேசி, வடக்கே கும்பினியை எதிர்த்துப் போரிட்ட துந்தாஜி வாக்கோடு தொடர்பு வைத்து, 1800 ஜூன் 3-ஆம் நாள் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்க நாள் குறித்தார்கள். அது முறிந்தது, பலர் தூக்கிலேறினார்கள், செப்டம்பரில் துந்தாஜியும் போரில் வீழ்ந்தார். பெரிய தலைகள் சாய்ந்தபின் கிளர்ச்சி அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். கும்பினி இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் குடிகள் ஒன்றுகூடிச் சில நாட்களில் மீண்டும் எழுப்பினார்கள். மே மாதம் அது மறுபடி விழுந்ததும் போர் சிவகங்கைக் காடுகளுக்கு நகர்ந்தது. ஜூன் 16-ல் மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அது எந்த அரசருக்கும் எழுதிய ஓலை அல்ல. எல்லாச் சாதியாருக்கும், இஸ்லாமியருக்கும், கும்பினிப் படையில் சேவகம் செய்யும் சிப்பாய்களுக்கும் பொதுவாக எழுதியது. ஐரோப்பியர் இந்நாட்டில் காலூன்ற நவாபின் அறியாமையே காரணம் என்றும் அது வெளிப்படையாகக் குற்றம் சாட்டியது.

இங்கே ஒரு தடை எழும். அந்த அறிக்கை நவாபுக்கு ஆற்காட்டையும், மற்றவர்களுக்கு அவரவர் சீமையையும் மரபு மாறாமல் திருப்பித் தருவதாகத்தானே சொல்கிறது? சின்ன மருது தம்மைப் பேரரசர்களின் ஊழியன் என்றுதானே ஒப்பமிட்டார்? இதைப் புரட்சி என்பது மிகை இல்லையா? பாதி உண்மை. சொல்லில் அது முடியாட்சிதான். ஆனால் ஊழியன் மதிலில் அறிக்கை ஒட்டி, நவாபு செய்தது தவறு, இனி யாருக்கு எந்தச் சீமை என்று ஊரறியச் சொல்லும்போது, அரசுரிமை எங்கே இருக்கிறது? வழங்குகிறவனிடம் இருக்கிறது, பெறுகிறவனிடம் அல்ல. மருது இதைச் சொல்லாக்கவில்லை, செய்துவிட்டார்.

அடுத்த நாற்பத்தைந்தாம் நாள், ஜூலை 31-ல், கும்பினி கர்நாடக ஆட்சியை எழுதி வாங்கிக்கொண்டது. நவாப் உம்தத்-உல்-உமரா ஜூலை 15-ல் இறந்தார். இணங்காத மகனை ஒதுக்கி, இணங்கிய அசீம்-உத்-தௌலாவைப் பட்டத்தில் அமர்த்தி, பட்டத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். திப்புவோடு நவாபுக்குக் கடிதத் தொடர்பு இருந்ததாகச் சொல்லித்தான் இது நடந்தது, கிளர்ச்சிக்கும் இதற்கும் உறவில்லை என்பார்கள். கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் நில ஆசை கிளர்ச்சிக்கு முந்தியது என்பதில் ஐயமில்லை. தஞ்சை 1799-லேயே போய்விட்டது. ஆனால் தெற்கு முழுவதும் பற்றி எரிகையில், பாளையங்களை அடக்க முடியாத நவாபின் பெயர் கும்பினிக்கு இனி எதற்குப் பயன்படும்? சாக்கு பழையது, அவசரம் புதியது என்றே எனக்குத் தோன்றுகிறது. சிவகங்கையிலும் இதே கதைதான். மருதுக்களிடமிருந்து குடிகளைப் பிரிக்கப் படமாத்தூர் கௌரி வல்லபரைக் கும்பினியே கொண்டுவந்து அமர்த்தியது. அரச குலத்தவர்தான், ஆனால் ஜமீன்தாராக.

முடிவு விரைவில் வந்தது. செப்டம்பர் 5-ல் கோபால நாயக்கர் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை. 1802 பிப்ரவரியில் எழுபத்து மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கு ஒரு கப்பல் புறப்பட்டது. சிவகங்கையின் அரசராக இருந்த வேங்கன் பெரிய உடையத் தேவரும், சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் அந்த ஒரே பட்டியலில், ஒரே தண்டனைக்கு உரியவர்களாக இருந்தார்கள்.