சிங்கப்பூர் உணவங்காடிகளின் கதை

உணவங்காடி நிலையம் என்பது பல சமையல்காரர்கள் ஒரே கூரையின்கீழ் தனித்தனியே கடை நடத்தும் பொதுச் சாப்பாட்டுக்கூடம். சிங்கப்பூரில் இத்தகைய நிலையங்கள் 110க்கும் மேல் உள்ளன. உள்ளூர் மக்களின் அன்றாட உணவைக் குறைந்த விலையில் ருசிக்க விரும்பும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு இன்று முதலில் சொல்லப்படும் இடம் இதுவே. ஆனால் இந்த நிலையங்கள் பயணிகளுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. தெருவோர வியாபாரத்தை ஒழுங்குபடுத்த நகர நிர்வாகம் கண்ட வழி அவை.

1819இல் கிழக்கிந்தியக் கம்பெனி வணிகத்தலம் அமைத்த பிறகு தென்சீனம், மலாய்த் தீவுகள், தமிழகம் ஆகிய பகுதிகளிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தனர். மூட்டை தூக்கியோர், படகோட்டியோர், ரிக்‌ஷா இழுத்தோர் எனப் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆண்கள். நெரிசலான அறைகளில் படுத்தெழுந்த அவர்களுக்கு அடுப்பு மூட்ட இடமும் இல்லை, நேரமும் இல்லை. அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் தெரு வியாபாரிகள். தோள்கம்பின் ஒரு முனையில் அடுப்பையும் மறுமுனையில் கிண்ணங்களையும் தொங்கவிட்டுச் சீனர்கள் நூடுல்ஸ் விற்றனர். மலாய்க்காரர்கள் குச்சியில் கோத்த இறைச்சியான சாத்தேயைக் கரியடுப்பில் வாட்டினர். தமிழர்கள் கடலை, பட்டாணி வகைகளைத் தட்டில் அடுக்கித் தலையில் சுமந்து, காகிதக் கூம்பில் மடித்துக் கொடுத்தனர். ‘கச்சாங் பூத்தே’ எனப்பட்ட இந்த வியாபாரம் பின்னாளில் திரையரங்கு வாசல்களில் நிலைகொண்டது.

அருகருகே கடை விரித்தவர்கள் ஒருவர் பண்டத்தை மற்றவர் எடுத்துத் தம் கைப்பக்குவத்துக்கு மாற்றிக்கொண்டனர். சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸைத் தமிழ் முஸ்லிம்கள் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு சேர்த்து வறுத்தது ‘மீ கோரெங்’ ஆயிற்று. ஹைனான் தீவினர் தம் ஊர்க் கோழியை உள்ளூர்ச் சுவைக்கேற்ப மாற்றியது கோழிச்சோறு ஆயிற்று. இந்த நாட்டு உணவு என்று பயணிகள் தேடிச் சாப்பிடுபவற்றில் பல இப்படித் தெருவில் உருவானவை.

தெருக்கடைகளால் தொல்லையும் இருந்தது. குழாய்நீர் இல்லாததால் ஒரே வாளித் தண்ணீரில் கிண்ணங்கள் கழுவப்பட்டன. எச்சில் நீரும் கழிவும் சாக்கடையில் சேர்ந்து ஆற்றுக்குப் போயின. வாந்திபேதி, டைபாய்டு அச்சம் நீங்கவில்லை, போக்குவரத்தும் நெரிந்தது. இருந்தும் வியாபாரிகளை விரட்டிவிட்டால் தொழிலாளிக்கு மலிவான சாப்பாடும் போகும், வேலையற்றோருக்குக் கிடைத்த பிழைப்பும் போகும். இந்த இக்கட்டு காலனி ஆட்சி முழுவதும் தீராமல் நீடித்தது.

விடுதலைக்குப் பிறகு அரசு இதற்கு ஒரு முடிவு கண்டது. 1968, 1969 ஆண்டுகளில் தீவு முழுவதும் ஏறத்தாழ 18,000 வியாபாரிகள் பதிவு செய்யப்பட்டு உரிமம் பெற்றனர். 1971 முதல் 1986 வரை நிலையங்கள் கட்டப்பட்டு, அவர்கள் படிப்படியாகக் குடியமர்த்தப்பட்டனர். ஒவ்வொரு கடைக்கும் குழாய்நீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு, இலக்கம் ஆகியவை கிடைத்தன; மேசைகள் எல்லாருக்கும் பொது. பெரும்பாலான நிலையங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளை ஒட்டியே எழுந்தன. பலவற்றில் காய்கறி, மீன் சந்தையும் சேர்ந்திருந்தது. அக்கம்பக்கத்தார் தினமும் உண்ணும் இடமாதலால் விலை மலிவாகவே இருந்தது. சுவை குறைந்தால் கூட்டமும் குறைந்துவிடும்.

சில நிலையங்களுக்குத் தனி வரலாறு உண்டு. லாவ் பா சாட்டின் எண்கோண இரும்புக் கட்டடம் 1894இல் சந்தையாகத் திறக்கப்பட்டது. அதன் வார்ப்பிரும்புப் பாகங்கள் கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தவை. 1970களில் அது உணவு நிலையமாக மாறியது. லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையம், எதிர்ப்புறம் இருந்த பழைய கண்டாங் கெர்பாவ் சந்தைக்கு மாற்றாக 1982இல் திறக்கப்பட்டது. தோசை, பிரியாணி, புரோட்டாவோடு சீன, மலாய் உணவும் அங்கே கிடைக்கிறது.

1997இல் கடைகளுக்குத் தூய்மையைப் பொறுத்து ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரம் வழங்கும் முறை வந்தது. கடை முகப்பில் மாட்டிய அட்டை, ஊருக்குப் புதியவருக்கும் ஒரு நம்பிக்கை தந்தது. 2016இல், சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் மிஷலின் கையேட்டின் முதல் சிங்கப்பூர்ப் பதிப்பு, சைனாடவுன் நிலையத்தில் சோயா சாஸ் கோழி விற்ற கடைக்கு ஒரு நட்சத்திரம் அளித்தது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ, சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை மானுடத்தின் தொட்டறிய முடியாத மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

புகழ் கூடினாலும் தொழிலுக்கு வாரிசுகள் குறைகின்றனர். விடியுமுன் தொடங்கும் வேலை, அடுப்பின் வெக்கை, குறைந்த லாபம் ஆகியவை படித்த பிள்ளைகளை விலக்கி வைக்கின்றன. கடைக்காரர்களில் பாதிப் பேர் ஏறத்தாழ 60 வயதை எட்டியவர்கள். 2011இல் அரசு புதிய நிலையங்கள் கட்டும் பணியை மீண்டும் அறிவித்தது. மூத்த கடைக்காரரிடம் இளையவர்கள் தொழில் பழகும் பயிற்சித் திட்டங்களும் தொடங்கப்பட்டன. இடம் தருவதும் உரிமம் தருவதும் அரசால் ஆகும். கைப்பக்குவம் ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்ததற்குப் போனால்தான் அந்தக் கூரையின்கீழ் அதே சாப்பாடு தொடர்ந்து கிடைக்கும்.