முத்தும் பாரும்

நம் இலக்கியங்களில் முத்துக்குக் குறைவில்லை. கொற்கை முத்தைப் புகழ்ந்த புலவர் பலர். முத்தை ஈன்ற சிப்பியையும் அவர்கள் இடையிடையே நினைத்ததுண்டு. மழைத்துளி சிப்பியின் வாயில் வீழ்ந்து முத்தாகிறது என்னும் அழகிய கற்பனையும் நெடுங்காலம் நிலவியது. ஆயின் அச்சிப்பி எதன்மீது வாழ்ந்தது, எவற்றோடு கூடி வாழ்ந்தது, மூச்சை அடக்கி அதனை மேலே கொணர்ந்தவன் யார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுந்தன. கி. பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்புளூஸ்' என்னும் கிரேக்க நூல் கடைசி வினாவுக்குச் சுருக்கமான விடையொன்று தருகிறது: பாண்டியன் ஆட்சிக்குட்பட்ட கொற்கையில் முத்துக் குளித்தோர் தண்டனை பெற்ற குற்றவாளிகள். பாட்டில் இடம்பெறாத அம்மனிதனைப்போலவே, அவன் இறங்கிய கடற்படுகையும் நம் சரித்திரத்தில் இடம்பெறாது போயிற்று.

அப்படுகைக்கு ஒரு பெயருண்டு. அது 'பார்'. மன்னார்க் குடாவின் அடியில், மணற்பரப்புக்கு நடுவே ஆங்காங்கு கிடக்கும் பாறைத் திட்டுகளைக் கடற்றொழிலாளர் இப்பெயரால் அழைத்தனர். பெரிய பார், முத்துவராட்டுப் பார், வங்காலைப் பார், காரைதீவுப் பார் எனத் தனித்தனிப் பெயர்களும் சூட்டினர். ஆங்கில விஞ்ஞானிகள்கூட இச்சொல்லுக்கு ஈடு தேடாமல் இதனையே தம் அறிக்கைகளில் எடுத்தாண்டனர். தமிழில் 'பார்' என்பது உலகத்துக்கும் பெயர். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்ததைக் காட்டி, நம் முன்னோர் உயிரியல் யாவும் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது தகாது. ஆனால் சிப்பிப் பார் ஓர் உலகம் என்பது விஞ்ஞானம் உறுதிப்படுத்திய உண்மை.

முத்துச் சிப்பியின் குஞ்சு முட்டையிலிருந்து வெளிப்பட்டுச் சில வாரங்கள் நீரோட்டத்தில் மிதந்து திரிகிறது. பின்னர் அடியில் இறங்கித் தன் உடலிற் சுரக்கும் நாரினால் ஏதேனும் ஒரு கடினமான பொருளைப் பற்றிக்கொள்கிறது. அது பாறையாகலாம், பவளமாகலாம், இறந்துபோன சிப்பியின் ஓடாகலாம். பற்றுவதற்கு ஒன்றும் கிடைக்காது மணலில் வீழ்ந்தால் மடிகிறது. ஒரு தலைமுறையின் ஓடு இவ்வாறு மறு தலைமுறைக்குத் தளமாகிறது. அவ்வோடுகளின் மேல் கடற்பஞ்சுகளும் பவளங்களும் குழாய்ப்புழுக்களும் குடியேறுகின்றன. இடுக்குகளில் நண்டுகளும் நட்சத்திர மீன்களும் ஒதுங்குகின்றன. இவற்றைத் தின்ன மீன்கள் வருகின்றன. சிப்பி தன்னை மட்டும் வாழ்விப்பதில்லை. பிற உயிர்களுக்கும் வீடு கட்டுகிறது.

இவ்வுண்மை முதன்முதலிற் கோட்பாடாக வகுக்கப்பட்டது வட கடலின் கரையிலாகும். 1860களின் இறுதியில், சிலெசுவிக்-ஹொல்ஸ்ரைன் கரையோரத்துச் சிப்பிப் படுகைகளைப் பெருக்கி வருவாய் ஈட்ட முடியுமா என்று ஆராயும்படி கீல் நகரப் பேராசிரியர் கார்ல் மோபியசைப் பிரசிய அரசு பணித்தது. 1877இல் அவர் வெளியிட்ட நூல், கேட்ட கேள்விக்கும் அப்பாற் சென்றது. கடலடியில் வேறெவ்விடத்தையும்விடச் சிப்பிப் படுகையில் உயிரினங்கள் செறிந்துள்ளன என்றும், அவை யாவும் ஒன்றையொன்று சார்ந்து ஒரு சமுதாயமாக வாழ்கின்றன என்றும் அவர் கண்டார். அச்சமுதாயத்துக்குப் 'பயோசினோசிஸ்' என்று புதுப்பெயர் சூட்டினார். இன்றைய சூழலியலின் அடிப்படைக் கருத்துக்களுள் ஒன்று இவ்வாறு சிப்பியின்மேற் பிறந்தது. புகையிரதம் வந்து சந்தை விரிந்ததும் பிரான்சியக் கரைகளிற் சிப்பிகள் அளவின்றி வாரப்பட்டதையும், அவை இருந்த இடத்தை வேறு மட்டி வகைகள் பிடித்துக்கொண்டதையும் அவர் எடுத்துக்காட்டினார். எச்சரிக்கை பயன்படவில்லை. அவர் ஆராய்ந்த அதே கரையோரத்திலும் நாட்டுச் சிப்பி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அற்றுப்போயிற்று.

மன்னாரின் கதை இதனிலும் சிக்கலானது. இங்குப் பார்கள் தாமாகவே செழிப்பதும் வெறுமையாவதும் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் 1768க்குப் பின் 1796 வரை சலாபம் நடைபெறவில்லை. அவர்களிடமிருந்து கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் 1796, 1797, 1798 ஆகிய மூன்றாண்டும் தொடர்ந்து குளிப்பித்துப் பெருஞ் செல்வம் திரட்டினர். பின்னர் 1837 முதல் 1854 வரையும், 1891 முதல் 1903 வரையும் பார்கள் பயன் தரவில்லை. ஆகவே வெறுமை முழுவதற்கும் மனிதனே காரணம் என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். ஆனால் இயற்கையின் இவ்வேற்றத்தாழ்வை அறிந்த பின்னும், பாரை ஆண்டுதோறும் பொன் சொரியும் சுரங்கமாகக் கருதியதே ஆட்சியாளரின் குற்றம்.

வருவாய் நின்றபோதுதான் அரசாங்கத்துக்கு விஞ்ஞானத்தின் நினைவு வந்தது. 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் இங்கிலாந்திலிருந்து வந்து பார்களை ஆராய்ந்தார்; அவருக்குத் துணைவந்த ஜேம்ஸ் ஹோர்னெல் இங்கே தங்கி அப்பணியைத் தொடர்ந்தார். அவர்களின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக இலண்டன் றோயல் சங்கத்தால் வெளியிடப்பட்டது. முத்தைப் பற்றிய அறிக்கை, பாரில் வாழும் பஞ்சு, புழு, நண்டு, பவளம் முதலியவற்றின் பெரும் பட்டியலாகவும் விரிந்தது. 'தாய்ப் பார்' என்று மக்கள் போற்றிய பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் திரளாக வந்து வீழ்ந்தும், தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பில் அவை அடித்துச் செல்லப்படுவதை அவர்கள் அறிந்தனர். இளஞ்சிப்பிகளைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றுதல், பற்றிக்கொள்வதற்குக் கல்லும் ஓடும் கடலடியில் இடுதல் ஆகியவற்றை அவர்கள் பரிந்துரைத்தனர். பாரை வீடாகக் கொண்டு பேணுக என்பதே அதன் சாரம்.

ஆயின் 1905இல் பார்கள் மீண்டும் செழித்தன. மறிச்சுக்கட்டியில் முந்நூறுக்கு மேற்பட்ட வள்ளங்களும் ஏறத்தாழ 5,000 முத்துக்குளிப்போரும் கூடினர். கீழக்கரை முஸ்லிம்களும் தூத்துக்குடிப் பரவரும் அராபியரும் அவர்களுள் இருந்தனர். அவ்வோராண்டில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா கிடைத்தது. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. எஞ்சிய ஒரு பங்கே குளித்தவனும் கயிறு பிடித்தவனும் வள்ளக்காரனும் பகிர்ந்துகொள்வதற்கு. அடுத்த ஆண்டே பார்கள் ஒரு கம்பனிக்கு, ஆண்டுக்கு 310,000 ரூபா வீதம் 20 ஆண்டுகளுக்குக் குத்தகையாக விடப்பட்டன. 'இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி' என்பது அதன் பெயர். குளிப்போர் அதன் பெயரில் மட்டுமே இருந்தனர். 1907க்குப் பின் பார்கள் வெறிச்சோடின. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனியும் கலைந்தது.

சலாபத்தின் முறையைச் சற்றுச் சிந்திப்போம். சிப்பிகள் கரையில் அழுகவிடப்பட்டன; சதை புழுத்துக் கரைந்த பின் முத்துக்கள் கழுவி எடுக்கப்பட்டன. முத்து பம்பாய்க்கும் ஐரோப்பாவுக்கும் சென்றது. ஓடுகளோ சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டிக் கரைகளில் மேடு மேடாகக் குவிந்தன. அடுத்த தலைமுறை பற்றிக்கொள்ள வேண்டிய தளமே அங்குக் கரையிற் காய்ந்து கிடந்தது. அரசாங்கக் கணக்கேட்டில் முத்துக்கு விலையிருந்தது, குத்தகைக்குத் தொகையிருந்தது. ஓட்டுக்கு ஒரு பத்தியும் இருக்கவில்லை. மூச்சடக்கி இறங்கியவனின் உடலுக்கும் அவ்வேட்டில் அதே மதிப்புத்தான். உழைப்பாளியின் ஆயுளையும் கடலின் அடித்தளத்தையும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒரே கொள்கையின் இரு முகங்கள் இவை.

பின்னர் யப்பானிய வளர்ப்பு முத்து சந்தையை நிரப்பியது. தூத்துக்குடிப் பக்கத்தில் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற சலாபங்களோடு பெருங் குளிப்புக்களின் காலம் முடிந்தது. முத்தின் மதிப்பு வீழ்ந்ததும் பாரையும் உலகம் மறந்தது. அம்மறதியின் நடுவேதான் இழுவைப் படகு வந்தது. முத்துக்குளிப்போன் சிப்பியைக் கையாற் பொறுக்கினான். அடிமட்ட இழுவைமடியோ கடலடியைச் சுரண்டிக்கொண்டு செல்கிறது. பஞ்சும் பவளமும் ஓடும் அதற்கு வேறுபாடின்றிக் குப்பையே. இலங்கை 2017இல் இத்தொழில்முறையைச் சட்டத்தால் தடைசெய்தது. எனினும் வடபுலக் கடலில் அது இன்னும் ஓயவில்லை. இதனை இரு நாட்டு மீனவரின் பகையாகக் காட்டுவோர் உளர். இழுவைப் படகின் முதலாளிக்கு ஆதாயம். அதிற் கூலிக்குச் செல்பவனுக்கும், வலையறுந்து நிற்கும் சிறு மீனவனுக்கும் நாளை மீனில்லாத கடல். இதுவே உண்மை நிலை.

2011இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு, உணவுச் சிப்பிப் படுகைகளுள் நூற்றுக்கு 85 வீதம் அழிந்துவிட்டதாக மதிப்பிட்டது. அவற்றை மீட்க முயலும் நாடுகளில் இன்று செய்யப்படுவது யாது? உண்டு கழித்த ஓடுகளைச் சேர்த்து மீண்டும் கடலடியில் இடுகிறார்கள். ஹேர்ட்மனின் ஏடுகளில் உறங்கிய யோசனைக்கு நெருங்கியதே இது.

நம் பள்ளிகளில் முத்து ஓர் ஏற்றுமதிப் பொருளாகவும், மன்னர்களின் பெருமையாகவும் கற்பிக்கப்படுகிறது. அப்பாடத்தில் மூன்று வினாக்களையேனும் சேர்ப்போம்: முத்தை எடுத்தவன் யார்? அதனைக் கொண்டுசென்றவன் யார்? அது விளைந்த பார் இன்று எந்நிலையில் உள்ளது? இவற்றைக் கேட்கப் பழகிய மாணவன், கடலைக் குத்தகைக்கு விடும் அடுத்த பத்திரம் வரும்போது அதனை வாசிக்காமல் விடமாட்டான்.