லெமான் ஏரியில் கல் சுமந்த பாய்மரங்கள்

கடற்கரையே இல்லாத சுவிட்சர்லாந்தில் கரையோரப் படகுலா வேரூன்றிய இடம், அந்நாடு பிரான்சுடன் பகிர்ந்துகொள்ளும் லெமான் ஏரியாகும். ஜெனீவா ஏரி என்றும் வழங்கும் இது, ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டர் பரப்பும் 310 மீட்டர் வரை ஆழமும் உடையது. ‘பீஸ்’ எனப்படும் குளிர்ந்த வடகிழக்குக் காற்று வீசும் நாள்களில், ஏரிதானே என்று எவரும் அலட்சியமாகப் படகை இறக்கிவிட முடியாது.

இன்பத்துக்காகவே இக்கரைகளைச் சுற்றிவரும் வழக்கத்துக்குப் புகழ்பெற்ற முன்னோடி, 1754-இல் தெலூக் குடும்பத்தாருடன் சில நாள்கள் ஏரியை வலம்வந்த ரூசோ; அப்போது கண்ட கரைகளே 1761-இல் வெளிவந்த அவருடைய ‘ஜூலி’ நாவலின் களமாயின. அந்நாவல் காட்டிய இடங்களைத் தேடி 1816 ஜூனில் ஆங்கிலக் கவிஞர்கள் பைரனும் ஷெல்லியும் பாய்ப்படகில் புறப்பட்டனர். மேயெரிக் கரையருகே புயலில் சிக்கியபோது, நீந்தத் தெரியாத ஷெல்லி, தம்மைக் காக்க முயன்று நண்பரும் மாண்டுவிடக் கூடாது என்று பைரனின் உதவியை மறுத்து இருந்த இடத்திலேயே அமர்ந்திருந்தார். பின்னர் ஊஷித் துறையில் மழையால் தங்க நேர்ந்தபோதுதான், சில நாள்களுக்கு முன் பார்த்த ஷிலோன் கோட்டையை வைத்துப் பைரன் ‘ஷிலோன் கைதி’ என்னும் கவிதையை எழுதினார்.

எனினும் அவ்வேரியின் உண்மையான மாலுமிகள் ‘பாகூனி’ எனப்பட்ட சரக்குப் படகோட்டிகளே. மேயெரியின் கற்சுரங்கங்களில் வெட்டிய கல்லை ஜெனீவாவின் கட்டடங்களுக்கும் கரைச்சுவர்களுக்கும் கொண்டுசேர்த்தவை அவர்களுடைய ‘பார்க்’ என்னும் பெரும்படகுகள். கல் படகின் வயிற்றில் அன்றி மேல்தளத்திலேயே அடுக்கப்பட்டதால், ஆள் நடமாடுவதற்கென இருபுறமும் உடற்பகுதிக்கு வெளியே நீண்ட நடைமேடைகள் அமைக்கப்பட்டன; காற்று ஓய்ந்த வேளையில், ஆழமற்ற கரையோரத்தில் கழியை ஊன்றி, தோளால் அழுத்தியபடி பாகூனிகள் இம்மேடைமீது நடக்க, படகு முன்னே நகர்ந்தது. சாய்ந்த குறுக்குமரத்தில் கட்டிய அதன் முக்கோணப் பாய்கள் மத்தியதரைக் கடலுக்குரியவை. 13-ஆம் நூற்றாண்டில் சவோய் ஆட்சியாளர்கள் போர்ப்படகு கட்ட ஜெனோவாத் தச்சர்களை வரவழைத்ததன் தடம் அது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

1823-இல் ‘கியோம் தெல்’ என்னும் நீராவிக் கப்பல் வந்தபின் பயணிகள் அதற்கு மாறினர். கல்லோ நெடுங்காலம் பாயை நம்பியே நகர்ந்தது. இரயிலும் லாரியும் கான்கிரீட்டும் அப்பிழைப்பைப் பறித்தபின், அப்படகுகளைக் காத்தவர்களுள் பொழுதுபோக்குப் படகோட்டிகளும் இருந்தனர் என்பது இவ்வரலாற்றின் மிக உயர்ந்த பகுதி. 1934-இல் தோன்றிய ‘ஊஷிக் கடற்கொள்ளையர் சகோதரக் குழு’, 1932-இல் சரக்குக்கென லு பூவ்ரேயில் கட்டப்பட்ட படகொன்றை 1948-இல் வாங்கி, ‘வோதுவாஸ்’ எனப் பெயரிட்டு இன்றும் பேணுகிறது. 1904-இல் கட்டப்பட்ட, ஏறத்தாழ 27 மீட்டர் நீளமுள்ள ‘நெப்டூன்’ ஜெனீவா மாநிலத்தின் உடைமை. பிரெஞ்சுக் கரையிலோ, பழைய படகொன்றை முன்மாதிரியாகக் கொண்டு கட்டப்பட்ட ‘சவோய்’ 2000-இல் நீரில் இறங்கியது.

நம் கரையிலும் இதே மாற்றம்தான்: கொழும்புக்குச் சரக்கேற்றிய தூத்துக்குடித் தோணிகளும் பாயைக் கைவிட்டு எஞ்சினுக்கு மாறிவிட்டன; பாய் விரித்தோடும் தோணி ஒன்றையேனும் கட்டி நீரில் நிறுத்துவதைத் தமிழகப் படகுக் குழாம்களும் அரசும் தம் கடமையாக ஏற்க வேண்டும்.