பாங்கு: ஒரு சொல்லின் வரலாறு

உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ராவுத்தர் இல்லங்களில் தொழுகை அழைப்பைப் 'பாங்கு' என்பர். உருது பேசுவோர் 'அஸான்' என்பர். அண்மைக் காலமாக 'அதான்' என்னும் அரபு உச்சரிப்பும் பரவி வருகிறது. பாங்கு அரபுச் சொல் அன்று, ஆதலின் அதனைக் கைவிடுதலே முறை என்பாரும் உளர். இக்கூற்று ஆராயத்தக்கது.

அரபியில் 'உதுன்' என்பது காது. அவ்வேரினின்று தோன்றிய 'அதான்' அறிவிப்பு எனப் பொருள்படும். திருக்குர்ஆனில் (9:3) இப்பெயர்ச்சொல் ஹஜ்ஜின்போது மக்களுக்கு விடுக்கப்பட்ட அறிவிப்பையே சுட்டுகிறது. தொழுகைக்கான அழைப்பைக் கூறுமிடங்களில் (5:58, 62:9) ஆளப்பட்டிருப்பவை 'நிதா', அதாவது கூவியழைத்தல் என்பதன் வினைவடிவங்கள்.

'பாங்கு' பாரசீகத்துச் சொல். குரல், முழக்கம், கூவல் என்பன அதன் பொருள்கள். அல்லாமா இக்பால் 1924இல் வெளியிட்ட கவிதைத் தொகுதியின் பெயரான 'பாங்கே தரா'வில் அது வணிகக் கூட்டத்தின் மணியோசை. உருதுவில் சேவல் கூவுவதும் 'பாங்கு'தான்! பஞ்சாபியிலும் மலையாளத்திலும் மலாயிலும் இச்சொல் தொழுகை அழைப்பைக் குறிக்கிறது. அழகு, தகுதி எனப் பொருள்படும் தமிழ்ப் 'பாங்கு'க்கும் இதற்கும் உறவில்லை; ஒலியொப்புமை கண்டு மயங்கலாகாது.

ஆக, அரபுச் சொல் கேட்போரின் காதிலிருந்து பிறந்தது. பாரசீகச் சொல் அழைப்போரின் குரலிலிருந்து பிறந்தது. வரலாறு குரலுக்கும் இடமளிக்கிறது. மதீனாவில் தொழுகைக்கு மக்களைத் திரட்டும் வழி குறித்து ஆலோசிக்கப்பட்டபோது மணியும் கொம்பும் பேசப்பட்டன. இறுதியில் நிலைத்தது மனிதக் குரலே. அழைப்பின் சொற்களைக் கனவில் கேட்ட அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) அவர்களிடம், அவற்றைப் பிலால் (ரலி) அவர்களுக்குக் கற்பிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததற்குக் காரணம் பிலாலின் குரல் வளமே. 'குரல்' எனப் பொருள்படும் சொல்லை அந்நியம் எனத் தள்ளுவது எங்ஙனம் பொருந்தும்?

தமிழ் வழக்கில் மற்றொரு நுட்பமும் உண்டு. குர்ஆனை ஓதுகிறோம், பாத்திஹாவை ஓதுகிறோம், பாங்கையோ 'சொல்கிறோம்'. மறை ஓதுதலையும் மக்களை விளித்தலையும் நம் முன்னோர் வினைச்சொல்லாலேயே வேறுபடுத்தினர். பேச்சுத் தமிழில் 'அதான்' என்பது 'அதுதான்' என்பதன் குறுக்கமாகவும் ஒலிப்பதால் நேரும் குழப்பம் வேறு.

பிறந்த குழந்தையின் வலச்செவியில் மெல்லச் சொல்லப்படும்போது உரத்த குரலுக்கு அங்கு வேலையில்லை. அரபுச் சொல்லின் வேரான காதே முன்னிற்கிறது. அதனையும் நம் மூதாட்டியர் 'காதில் பாங்கு சொல்லுதல்' என்றே வழங்கினர்.