கஞ்சித் தொட்டியும் நான்கு இழைகளும்

ராயபுரத்தில் எங்கள் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் உண்டு. சென்ற ஆண்டு ஒரு நாள் பட்டறையில் தகடு பாய்ந்து அவருடைய மணிக்கட்டு அறுந்துவிட்டது. அவர் மனைவியும் நானும் அவரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு கஞ்சித் தொட்டிக்கு ஓடினோம்.

கஞ்சித் தொட்டி என்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. ஹைதர் அலியின் படையெடுப்பையொட்டி வந்த பஞ்சத்தில், 1782-ல், பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரந்தான் அதன் வேர். 1938-ல் அது மருத்துவக் கல்லூரியாயிற்று; ஒரு கவர்னரின் பெயரும் அதற்கு உண்டு. ஜனங்கள் மட்டும் கஞ்சியை விடவில்லை! துறைமுகமும் பட்டறைகளும் சூழ்ந்த இவ்விடத்தில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவைக்கென்றே ஒரு பிரிவை நிறுவியது எவ்வளவு பொருத்தம்!

"தோல், தசைநாண், நரம்பு எல்லாம் அறுந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே தைக்கவேண்டும். தோல் இரண்டு வாரத்தில் கூடிவிடும். நரம்புதான் பொறுமையைச் சோதிக்கும்" என்றார் டாக்டர்.

உடம்பு ஒரே பொருளால் ஆனதன்று என்று அழுத்திச் சொன்னவர் பிஷா என்ற பிரெஞ்சு இளைஞர். பாரிஸில் பிணங்களை அறுத்து, துண்டுகளை வேகவைத்தும் உலர்த்தியும் அமிலத்தில் இட்டும் பார்த்து, 1801-ல் 21 வகைகளைக் கணக்கிட்டார். மைக்ராஸ்கோப்பை அவர் நம்பவில்லை. மறு ஆண்டே, முப்பது வயதில், போய்விட்டார். பின்வந்தவர்கள் அவற்றை நான்காகச் சுருக்கினார்கள்: மேலே போர்த்துவது, இணைத்துத் தாங்குவது, சுருங்கி இழுப்பது, சேதி சொல்வது.

அவற்றுக்கு வழங்கும் பிரெஞ்சுச் சொல்லுக்கு நெய்த துணி என்று பொருள். நாம் அதையே 'திசு' என்று வாங்கிக்கொண்டோம். 1847-ல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்த டாக்டர் கிறீன் பணிபுரிந்த நாட்டிலோ 'இழையம்' என்கிறார்கள். கம்பெனித் துணியை வெளுத்தவர்களால் பெயர்பெற்ற வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எனக்கு இழையம்தான் பிடிக்கிறது.

நண்பருக்குத் தோல் கூடிற்று. விரல்கள் மடங்கின. ஆனால் நுனியில் உணர்ச்சி இல்லை. இரும்பின் சூடுகூடத் தெரியவில்லை. அறுந்த இடத்துக்கு அப்பால் நரம்பிழை பட்டுப்போகும்; பழைய உறைக்குள் புதியது துளிர்த்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நகரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்குச் சுமார் 180 மில்லிமீட்டர். ஆறு மாதம்!

ஞாயிறுதோறும் அவர் உள்ளங்கையைத் தட்டிப் பார்ப்பார். எறும்பு ஊர்வதுபோல் 'சுர்' என்ற இடத்தில் அவர் மனைவி பேனாவால் ஒரு கோடு போடுவாள். சென்ற வாரம் அந்தக் கோடு நடுவிரலின் இரண்டாவது கணுவில் இருந்தது.