மின்தேக்கி: மின்னேற்றமும் பாதி ஆற்றலும்

மின்காப்புப் பொருள் ஒன்று இடையே நிற்க, எதிரெதிராக அமைந்த இரு கடத்தித் தகடுகளே மின்தேக்கி. 1740களில் கிளைஸ்டும் மூசென்புரூக்கும் தனித்தனியே கண்டறிந்த லைடன் சாடியே இதன் முன்னோடி. மின்தேக்கி மின்னூட்டத்தைச் சேமிக்கிறது என்பது வழக்கமான விளக்கம். அது முழுச் சரியல்ல. மின்கலத்தோடு இணைத்ததும் ஒரு தகட்டை விட்டு எத்தனை எலக்ட்ரான்கள் நீங்குகின்றனவோ அத்தனை மறுதகட்டில் வந்து குவிகின்றன. கருவியின் மொத்த மின்னூட்டம் எப்போதும் சுழிதான். உண்மையில் சேமிப்பாவது இடைவெளியின் மின்புலத்தில் தங்கும் ஆற்றல். மின்னேற்றிய பின் மின்கலத்தைக் கழற்றிவிட்டுத் தகடுகளை விலக்கினால் இது தெளிவாகும். மின்னூட்டம் கடுகளவும் கூடாது. ஆனால் ஈர்ப்பை எதிர்த்து இழுக்கச் செய்த வேலை ஆற்றலாகச் சேர்ந்து, மின்னழுத்தம் ஏறும்.

1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 10 வோல்ட் மின்கலம் நிரப்புவதாகக் கொள்வோம். இடம்பெயரும் மின்னூட்டம் 0.01 கூலும், மின்கலம் செலவிடுவது 0.1 ஜூல். மின்தேக்கியில் இருப்பதோ 0.05 ஜூல்தான். மின்கலம் தொடக்கம் முதல் முடிவு வரை 10 வோல்ட்டிலேயே தள்ளுகிறது. மின்தேக்கியின் அழுத்தமோ சுழியிலிருந்து மெல்ல ஏறுவதால் அதன் சராசரி 5 வோல்ட். மீதிப் பாதி கம்பியிலும் மின்தடையிலும் வெப்பமாகிறது.

தடிமனான கம்பி போட்டால் இழப்பு குறையாதா? குறையாது. தடை குறைந்தால் மின்னோட்டம் பெருகும், நேரம் சுருங்கும், இழப்பு அதேதான். தடையே இல்லாவிட்டால் மின்னோட்டம் முன்னும் பின்னும் அலையும். உபரி ஆற்றல் மின்காந்த அலையாக வெளியேறிய பிறகே அது அடங்கும். அப்படியானால் பாதி இழப்பு இயற்கையின் விதியா என்றால், அதுவும் இல்லை. மாறா அழுத்தத்தில் நேராக இணைப்பதற்குத் தரும் விலை அது. முதலில் 5 வோல்ட், பிறகு 10 வோல்ட் என இரு படிகளில் ஏற்றினால் இழப்பு 0.025 ஜூலாகக் குறைகிறது. படிகள் கூடக் கூட அது இன்னும் தேயும். மின்தூண்டி சேர்த்த மாற்றிச் சுற்றுகளும் இழப்பை வெகுவாகக் குறைக்கின்றன.

கணினிச் சில்லு சூடாவதற்கு இதே கணக்கு ஒரு முக்கியக் காரணம். அங்கே நுண்ணிய மின்தேக்கங்கள் ஓயாமல் நிரம்பிக் காலியாகின்றன. ஒவ்வொரு முறையும் வீணாகும் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதம். 5 வோல்ட்டை 1 வோல்ட்டாக்கினால் அது 25இல் ஒரு பங்காகிறது.